விளக்கு எரிந்த கிணறு

உங்களுடைய புது அம்புலன்ஸைப் போன கிழமை எனக்குத் திறந்து காட்டினார்கள். பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனாலும் பட்டேன்தான். குளிரூட்டி, இழுத்து விடுகிற படுக்கை, சுவரெல்லாம் குழாய், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு நிறம். உங்களில் ஒரு பிள்ளை இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். அந்தக் கருவியின் பாட்டனைப் பாதரசத்தோடு மடியில் வைத்துக்கொண்டு குண்டும் குழியுமான றோட்டில் வவுனியா வரைக்கும் போனவள் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, பாவம், படித்ததைச் சொல்லட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்களுடைய அம்புலன்ஸ் வேறு சாதி. பின்கதவு ஓட்டத்தில் திறந்துவிடும் என்பதற்காகச் சைக்கிள் ரியூப்பால் கட்டியிருப்போம். சைரன் எப்போதோ செத்துப்போய்விட்டது. றோட்டில் மாடு நின்றால் றைவர் கையை வெளியே விட்டுக் கதவில் தட்டுவார். உள்ளே ஒரு கன்வஸ் ஸ்ட்ரெச்சர், நான் குந்தியிருக்க ஒரு மரவாங்கு, ஒரு ஒட்சிசன் சிலிண்டர். அந்தச் சிலிண்டர் வளைவுகளில் உருண்டு வந்து என் காலை இடிக்கும். டெற்றோலும் டீசலும் கலந்த மணத்துக்குள் கருவாட்டு மணமும் இருக்கும். முல்லைத்தீவுக்கு நோயாளியைக் கொண்டுபோய்த் திரும்பும்போது றைவர் ஆஸ்பத்திரிச் சனத்துக்கெல்லாம் கருவாடு வாங்கிக்கொண்டு வருவார். டொக்டர் கண்டால் ஏசுவார், ஏசி முடித்துத் தன் பங்கையும் கேட்பார். அந்த மணம் இப்போதும் எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்கு நெஞ்சு இளகிவிடும். நான் சந்தோஷமாக இருந்த இடங்களில் அந்த வாங்கும் ஒன்று.

பாதுகாப்பு என்ற தலைப்பில் பேசுங்கள் என்று உங்களுடைய பயிற்சிப் பொறுப்பாளர் கேட்டார். தலைப்புக்குப் பேச எனக்கு வராது. உங்கள் பாடத்தில் அது நன்றாகவே எழுதியிருக்கிறது, நானும் வாசித்தேன். நான் ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த நான், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காட்டோரமாக இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தாதியாகப் போனேன். எங்களைப் படிப்பித்தவர்கள் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியைத்தான் காட்டினார்கள். விரிப்புக் கசங்கக்கூடாது என்பதற்கு எத்தனை வகுப்பு. யானை அடித்தவனையும் மரத்தால் விழுந்தவனையும் வயலுக்குள் போய் எடுத்து வருவது எப்படி என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. அந்தக் காலத்தில் நோயாளியைத் தேடி அம்புலன்ஸ் போவதும் குறைவு. மாட்டுவண்டியிலும் ட்ராக்டரிலும் அவர்களே வந்து சேருவார்கள், நாங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்.

றைவர் அண்ணையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கனவில் வந்து சண்டை பிடிப்பார், அப்படி ஒரு மனிசன். ஆறடி உயரம், வெற்றிலைச் சிவப்பு வாய், எந்நேரமும் ஏதாவது கதை. வண்டி ஓடும்போது அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஊர் வரும்போதும் பின்பக்கம் கேட்கும்படி பெயரைச் சொல்லுவார். ஒட்டுசுட்டான் தாண்டியாச்சு. மாங்குளம் வந்திட்டுது. இது கனகராயன்குளம். அடுத்தது புளியங்குளம். ஓமந்தை வந்திட்டுது அம்மா, இனி வவுனியாதான், மூச்சை இழுத்து விடுங்கோ. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏன் அண்ணை பஸ் கொண்டக்டர் மாதிரிக் கத்திறியள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பின்னாலை கிடக்கிறவை முகட்டைத்தானே பாத்துக்கொண்டு கிடக்கினம். எங்கை நிக்கிறம் எண்டு தெரியாட்டிப் பயம் கூடும் பிள்ளை. நீ ஒருக்கால் ஸ்ட்ரெச்சரிலை படுத்துப் பார், அப்ப தெரியும்," என்றார்.

நான் படுத்தும் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பெயர்கள் எனக்கும் மனப்பாடமாகிவிட்டன. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்லுவேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த சனத்தில் பாதிப் பேர் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்து, காடு வெட்டி, குடிசை போட்டு, கிணறும் தாங்களே வெட்டி, மிளகாய் நட்டுக்கொண்டிருந்தார்கள். தேயிலை பறித்த கைக்கு இந்த வெயில் புதிது, யானை புதிது, வற்றுகிற கிணறும் புதிது. ஆனால் சோர்ந்துபோய் இருக்கிற சனம் இல்லை அது. என்னை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். அதில் ஒரு குடும்பம்தான் ராமையாவும் லெட்சுமியும். லெட்சுமி கைப்பிள்ளையோடு கிளினிக்குக்கு வருவாள். வாய்க்காரி. ஊசி போட்டால் பிள்ளை அழுவதற்கு முன் அவள் என்னோடு சண்டைக்கு வந்துவிடுவாள். எனக்கு அவளில் நல்ல விருப்பம். ராமையாவின் தம்பி சந்தனமும் அவர்களோடுதான் இருந்தான்.

இறைப்பு மிசின் அந்தப் பக்கத்துக்கு வந்து கொஞ்சக் காலம்தான். மண்ணெண்ணெயில் ஓடும், வாடகைக்கும் கிடைக்கும். கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டால் மேலே வைத்த மிசினால் இழுக்க முடியாது. அதனால் கிணற்றின் பாதியில் பனங்குத்தியைக் குறுக்கே கொடுத்து, பலகை போட்டு, மிசினைக் கயிற்றில் கட்டி அந்தத் தட்டுக்கு இறக்கிவிடுவார்கள். புகை எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், வன்னி முழுக்க.

அந்தச் சனத்திடம் ஒரு நல்ல வழக்கமும் இருந்தது. இங்கே வந்து கிணறு வெட்டிப் பழகிய ஆட்கள் அல்லவா. நெடுநாள் கிடந்த கிணற்றில் இறங்க முதல் அரிக்கன் லாம்பைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, இறங்கக்கூடாது. இலையும் கொப்புமாகக் குழைக்கட்டுக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்குவார்கள், பிறகு மறுபடி விளக்கு விட்டுப் பார்ப்பார்கள். எரிந்தால் இறங்கலாம். அந்த விளக்கு எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். அதனால்தான் அன்றைக்கும் அதை நம்பினார்கள்.

அன்றைக்கு மத்தியானம் முல்லைத்தீவிலிருந்து திரும்பி வந்து வண்டியை நிழலில் விடக்கூட இல்லை, ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ராமையாவின் கிணற்றுக்குள் இரண்டு பேர் விழுந்து கிடக்கிறார்கள் என்றார். டொக்டர் பிரசவ அறையில், கை எடுக்க முடியாத நிலையில் நின்றார். அங்கிருந்தபடியே, "நீங்கள் போங்கோ மிஸ்," என்றார். நானும் றைவர் அண்ணையும் போனோம்.

கிணற்றடியில் ஊர் முழுக்க நின்றது. நடந்ததை ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள், எல்லாம் சேர்த்தால் இதுதான். ராமையா காலையில் மிசினைத் தட்டுக்கு இறக்கி ஓடவிட்டிருக்கிறான். குழாயில் தண்ணீர் ஒழுகியது. அதைப் பார்க்கவென்று உள்ளேயே நின்றிருக்கிறான். பிறகு கூப்பிட்டால் சத்தமில்லை. எட்டிப் பார்த்தால் பலகையில் சரிந்து கிடக்கிறான், மிசின் ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தனம் ஏணியால் இறங்கி மிசினை நிற்பாட்டியிருக்கிறான், நிற்பாட்டிவிட்டு அண்ணனின் கையைப் பிடித்துத் தூக்கக் குனிந்திருக்கிறான். குனிந்தவன் நிமிரவில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் தட்டில் கிடந்தார்கள், சந்தனம் ஏணிப் பக்கம், ராமையா மிசினுக்கு அந்தப் பக்கம். அவர்களுக்குச் சற்று மேலே கயிற்றில் அரிக்கன் லாம்பு தொங்கியது. அழகாக எரிந்துகொண்டிருந்தது.

"மிஸ்ஸி, சீக்கிரம் எறங்கச் சொல்லுங்க. எம் புருசன் கண்ணு முன்னாடி கெடக்காரு," என்று லெட்சுமி என் கையைப் பிடித்தாள். அவள் கை குளிர்ந்துபோய் இருந்தது, அந்த வெயிலில்.

நான் திரும்புவதற்குள் றைவர் அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் கால் வைத்துவிட்டார். இதைத்தான் சொல்ல வந்தேன். நல்ல மனிசர்தான் முதலில் இறங்குவார்கள். கெட்டவன் கிணற்றடிக்கே வரமாட்டான். உங்கள் பக்கத்தில் நிற்கிற ஆள் எவ்வளவுக்கு நல்லவரோ அவ்வளவுக்கு நீங்கள் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேட்டின் பின்பக்கத்தை எட்டிப் பிடித்தேன். தையல் கிழிந்தது, விடவில்லை.

"விடு பிள்ளை. புகையும் இல்லை, மிசினும் நிண்டிட்டுது. லாம்பு எரியுது, பாக்கேல்லையே? காத்து இருக்கு."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு அந்த நேரம் எஞ்சின் புகையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எனக்கு வைத்தியம் தெரிந்து அவரைத் தடுத்தேன் என்று நினைக்காதீர்கள். ஏதோ ஒன்று பொருந்தவில்லை. அது என்ன என்று பிடிபடவும் இல்லை. சுற்றி நின்று எல்லாரும் கத்துகிறார்கள். அப்போது லெட்சுமியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டேன்.

"இந்த லாம்பை எப்ப இறக்கினனீங்கள்? சந்தனம் இறங்க முதலோ, பிறகோ?"

"மொதல்லயே எறக்கிட்டோம் மிஸ்ஸி. எரிஞ்சிச்சு. அதப் பாத்துட்டுதான் தம்பி எறங்கிச்சு."

"தம்பி விழேக்கையும் எரிஞ்சதோ?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எரிஞ்சிக்கிட்டுத்தான் இருந்திச்சு," என்றாள்.

றைவர் அண்ணை ஏணியிலிருந்து காலை எடுத்தார். நான் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை, அவர் கெட்டிக்காரன். விளக்கு எரிகிறது என்பது ஓர் அடையாளம். அந்த வெளிச்சத்திலேயே ஓர் இளந்தாரி விழுந்தான் என்பது நடந்தது. இரண்டும் ஒத்துவராவிட்டால் நடந்ததை நம்புங்கள். உங்கள் கையில் இருக்கிற கருவிகளுக்கும் இதுதான் சட்டம். கருவி நல்லது என்று சொல்லும், நோயாளி நீலமாகிக்கொண்டிருப்பார். அப்போது கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எஞ்சின் புகையில் இருக்கிற நச்சு நெருப்பை ஒன்றும் செய்யாது, மணமும் இராது என்று டொக்டர் எனக்குப் பிறகுதான் சொன்னார்.

நான் ஏணியை மேலே இழுக்கச் சொன்னேன்.

ஐயோ, அன்றைக்கு வாங்கிய ஏச்சு. அந்தச் சனம் என்னைக் கடவுள் மாதிரி வைத்திருந்தது, ஒரு நொடியில் பேய் ஆக்கிவிட்டார்கள். மிஸ்ஸிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைத் தள்ளவும் வந்தார். றைவர் அண்ணை அந்த உயரத்தோடு முன்னால் வந்து நின்று, "மிஸ் சொல்லுறதைச் செய்யுங்கோ. ஏச்சைப் பிறகு ஏசலாம்," என்றார். ஏணி மேலே வந்தது. அது மேலே வந்திருக்காவிட்டால் மூன்றாவது, நான்காவது ஆளையும் நான் அன்றைக்குக் கிணற்றுக்குள்தான் பார்த்திருப்பேன்.

குழை வெட்டச் சொன்னேன். குழைக்கட்டு அவர்களுக்குத் தெரிந்த வேலைதான். விளக்கு எரிந்ததால் செய்யவில்லை, அவ்வளவுதான். வேம்பையும் பூவரசையும் பெரிய கட்டாகக் கட்டி விட்டு இழுத்தார்கள். கைக்கு வேலை கிடைத்ததும் வாய் கொஞ்சம் அடங்கியது. ஆனால் அதற்கென்று எவ்வளவு நேரம் விடுவது? உள்ளே கிடக்கிறவர்களுக்கு ஒவ்வொரு மூச்சும் நஞ்சு. அதிகம் காத்தால் அவர்கள் போய்விடுவார்கள், காக்காவிட்டால் இறங்குகிறவர் போய்விடுவார். இதற்கு ஒரு கணக்கும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் அண்ணையைப் பார்த்தேன், அண்ணை என்னைப் பார்த்தார்.

"கட்டு பிள்ளை," என்றார்.

கிணற்று வடக்கயிற்றை அவருடைய கமக்கட்டுக்குக் கீழே நெஞ்சைச் சுற்றி நானே கட்டினேன். எங்கள் அப்பு வள்ளம் கட்டுகிற முடிச்சு அது, இறுகவும் மாட்டாது, அவிழவும் மாட்டாது. நல்ல பலமான ஆட்களைக் கயிற்றில் நிறுத்தினேன். கிடக்கிறவர்களைக் கட்ட இன்னொரு கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.

"அண்ணை, வாய் மூடக்கூடாது. உள்ளை போனதிலையிருந்து கதைச்சுக்கொண்டு இருக்கோணும். சத்தம் நிண்டா இழுப்பன்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"வழக்கமாச் சொல்லுறதையே சொல்லுங்கோ. வவுனியாவுக்குப் போற றோட்டு. வரிசை பிசகினாலும் இழுப்பன்."

அவர் சிரித்தார். "கொண்டக்டர் வேலை தாறாய் என்ன," என்று சொல்லிக்கொண்டு, மறுபடி இறக்கி வைத்த ஏணியால் இறங்கினார்.

நான் கிணற்றுக் கட்டில் வயிற்றை வைத்துக் குனிந்துகொண்டேன். லெட்சுமி பக்கத்தில் அதே மாதிரிக் குனிந்தாள். கீழேயிருந்து குரல் வந்தது. ஒட்டுசுட்டான். மாங்குளம். கனகராயன்குளம். கிணறு அந்தக் குரலைப் பெரிதாக்கித் தந்தது. எத்தனையோ நாள் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே பெயர்கள்தான். நான் செபம் சொல்லவில்லை, அவரோடு சேர்ந்து ஊர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தட்டில் முழங்காலில் இருந்தார். "புளியங்குளம். பிள்ளை, தம்பிக்காரன் மூசுறான். ஓமந்தை. மற்றவர் தெரியேல்லை. மூச்சுத் தெரியேல்லை. ஆரை முதல் கட்ட?"

லெட்சுமி என் முகத்தைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் என்னால் சொல்ல முடிந்திராது.

"மூசுறவனைக் கட்டுங்கோ," என்றேன்.

அவள் என்னைத் தடுக்கவில்லை. கிணற்றுக் கட்டின் கல்லை நகத்தால் கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சந்தனம் மேலே வந்தான். முகம் சிவந்திருந்தது, நித்திரை கொள்கிறவன் மாதிரி இருந்தான், ஆனால் மூச்சு இருந்தது. சிலிண்டரை முன்பே இறக்கி வைத்திருந்தோம். முகமூடியை வைத்து, பக்கத்தில் நின்ற ஒருவரிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் மறுபடி கிணற்றுக்குப் போனேன். கீழே அண்ணை மிசினைச் சுற்றி அந்தப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தார். ஒட்டுசுட்டான் என்று திரும்பவும் தொடங்கினார். மாங்குளம். குரல் இப்போது குடிகாரன் குரல் மாதிரி இழுபட்டது. கனகராயன்குளம். பிடிச்சிட்டன் பிள்ளை, தோளைப் பிடிச்சிட்டன். ஓமந்தை.

புளியங்குளம் எங்கே?

"அண்ணை, புளியங்குளம்," என்று கத்தினேன்.

"மாங்குளம்," என்றார். "மாங்குளம்." பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக இல்லை.

"இழுங்கோ," என்றேன்.

லெட்சுமி என் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். "மிஸ்ஸி, கொஞ்சம் பொறுங்க. அவரு புடிச்சிட்டாரு. எம் புருசன புடிச்சிட்டாரு. கயிறு கட்ட மட்டும் விடுங்க, கொஞ்சம் மிஸ்ஸி."

கயிற்றில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் அவளுடைய சனம். ராமையாவோடு ஒன்றாகக் காடு வெட்டினவர்கள்.

"இழுங்கோ," என்றேன் மறுபடி. அவர்கள் இழுக்கத் தொடங்கவில்லை என்று கண்டு நானே கயிற்றைப் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் இழுத்தார்கள். அண்ணையின் கை ராமையாவின் தோளிலிருந்து கழன்றதை நான் மேலேயிருந்து கண்டேன். லெட்சுமியும் கண்டாள்.

அண்ணை மேலே வந்து மண்ணில் விழுந்து சத்தி எடுத்தார். நிற்க முடியவில்லை, தன்னுடைய பெயரைக் கேட்டால் யோசித்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவரும் அந்தத் தட்டில் கிடந்திருப்பார். இதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

மறுபடி குழையை விட்டு இழுத்தோம், முதல் தரத்தை விட வேகமாக, முதல் தரத்தை விட நேரமெடுத்து. காற்றுக் கலங்கட்டும் என்று வாளி வாளியாகத் தண்ணீரும் ஊற்றினோம். பிறகு கயிற்றில் நின்றவர்களில் ஒருவர் கட்டிக்கொண்டு இறங்கினார். அவருக்கு அந்த றோட்டு தெரியாது. அதனால் தான் பிறந்த தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த குடும்பங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ராமையாவைக் கட்டினார். இரண்டு பேரையும் இழுத்தோம்.

ராமையாவுக்கு மூச்சு இல்லை. வண்டியில் ஆஸ்பத்திரி வரும்வரைக்கும் நான் ஊதினேன், நெஞ்சை அமத்தினேன், நிற்பாட்டவே இல்லை. அண்ணை ஓடக்கூடிய நிலையில் இல்லாததால் ஊரில் ட்ராக்டர் ஓடுகிற ஒருவர்தான் வண்டியைக் கொண்டுவந்தார். டொக்டர் கையுறையோடு ஓடி வந்து பார்த்தார். என் தோளில் கை வைத்து, "காணும் மிஸ், விடுங்கோ," என்றார். அப்போதுதான் விட்டேன்.

றைவர் அண்ணை அடுத்த நாளே எழும்பிவிட்டார். எழும்பியவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு கிழமை வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போகிறோம், ஊமை மாதிரி ஓடுகிறார். எனக்குக் கோபம் வந்து, "உயிரோடை இருக்கிறது உங்களுக்குக் கஷ்டமாக் கிடக்கோ?" என்று கேட்டே விட்டேன்.

"என்ரை கையிலை அவற்ரை தோள் இருந்தது பிள்ளை," என்றார். "இப்பவும் கையிலை கிடக்கு." வண்டியை ஓரமாக நிற்பாட்டிவிட்டு அழுதார். அவ்வளவு பெரிய மனிசன். நானும் அழுதேன். பிறகு மாங்குளத்தில் தேத்தண்ணி வாங்கித் தந்தார், இரண்டு பேரும் வடை தின்றோம், அதோடு சரி. தான் ஓய்வு பெறும் வரைக்கும் அவர்தான் எனக்கு றைவர். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, படுக்கையில், பேரப்பிள்ளைகள் சுற்றி இருக்க. செத்த வீட்டில் அவருடைய பிள்ளைகளைப் பார்த்தபோது அந்தக் கயிற்றைத்தான் நினைத்தேன்.

ஆனால் லெட்சுமி என்னிடம் கேட்டதை நான் இன்னும் சொல்லவில்லை. அது அன்றைக்குப் பின்னேரமே நடந்தது.

சந்தனம் கட்டிலில் கிடந்தான், கண்ணைத் திறந்திருந்தான், ஒருவரையும் மட்டுக்கட்டவில்லை. லெட்சுமி அவனுக்குப் பக்கத்தில் இருந்து காட்போட் மட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். ராமையாவை அடுத்த அறையில் வைத்திருந்தார்கள். நான் சேலைனைப் பார்க்கப் போனேன். அடுத்த கட்டிலில் படுத்திருந்த அண்ணை என்னை மெல்லக் கிட்டக் கூப்பிட்டு, "அவள் உன்னைக் கேப்பாள். முந்தியே முடிஞ்சுபோச்சு எண்டு சொல்லிவிடு. அது அவளுக்கு ஆறுதல்," என்றார்.

நான் திரும்பியதும் கேட்டாள்.

"மிஸ்ஸி, நீங்க இழுக்கச் சொன்னீங்களே. அந்த நேரம் அவருக்கு உசிரு இருந்திச்சா?"

அண்ணை சொல்லித்தந்த சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்குப் பொய் சொல்ல எனக்கு ஏலவில்லை.

"தெரியாது லெட்சுமி," என்றேன். "இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது."

அவளுடைய கை விசிறுவதை நிற்பாட்டியது. சந்தனத்தின் காலைப் பார்த்தாள். பிறகு அடுத்த கட்டிலைப் பார்த்தாள்.

"றைவரய்யாவுக்குப் புள்ளைங்க இருக்காங்களா?"

"ஓம். மூண்டு பேர்."

"அப்ப இழுத்தது சரிதாங்க," என்றாள். சொல்லிவிட்டு மறுபடி விசிறத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு லெட்சுமி என்னோடு பேசவில்லை. சந்தனம் சுகமாகி, அந்த மிளகாய்த் தோட்டத்தை அவன்தான் பார்த்தான். கிணற்றுக்குள் மிசின் இறக்க அவர்கள் யாரையும் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். லெட்சுமி கிளினிக்குக்கு வருவாள், நான் நிற்கிற பக்கம் வரமாட்டாள். மற்ற மிஸ்ஸி வரும்வரைக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் குந்தியிருப்பாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழும்பமாட்டாள். முதலில், சரி என்று நீதானே சொன்னாய் என்று மனதுக்குள் சண்டை பிடித்தேன். போகப்போகத்தான் விளங்கியது. சரி என்று அவள் மனதாரத்தான் சொன்னாள். என்னைப் பார்க்க அவளால் முடியாமல் போனதும் மனதாரத்தான்.

உங்களுக்கும் ஒரு நாள் வரும். கிணறாக இராது, வேறு ஏதாவதாக இருக்கும். உங்களோடு ஒன்றாகத் தேத்தண்ணி குடிக்கிற ஆள் கயிற்றின் அந்த நுனியில் இருப்பார். இந்த நுனியில் யாரோ உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுங்கோ என்று கெஞ்சுவார்கள். அவர்கள் பிறகு உங்களை மன்னிப்பார்களா என்று அந்த நேரம் யோசிக்காதீர்கள். மன்னிக்கமாட்டார்கள். இழுங்கள்.